பச்சைப் பலகையை நம்பலாமா? சுற்றுலா விடுதிகளின் பசுமைச் சான்றும் பக்கத்து வயலும்

மலைப்பாதையில் ஏறினாலும் சரி, கடற்கரைச் சாலையில் போனாலும் சரி, 'ஈகோ', 'கிரீன்', 'நேச்சர்' என்று ஒரு சொல்லாவது இல்லாத விடுதிப் பலகையைப் பார்ப்பது இப்போது அரிதாகிவிட்டது. பலகையில் ஓர் இலைப் படம், பின்னால் மூங்கில் வேலி. இவ்வளவு இருந்தால் அது 'சுற்றுச்சூழலுக்கு உகந்த' விடுதி என்று வருகிறவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

பலகையைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தங்கிப் போகிறவருக்கு அது உண்மையா பொய்யா என்பது பெரிய விஷயம் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயமோ வாழையோ போட்டிருக்கும் விவசாயிக்கு அது பெரிய விஷயம். விடுதியின் போர்வெல்லும் நம் கிணறும் பூமிக்கு அடியில் ஒரே தண்ணீரைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. அவர்களுடைய கழிவுநீர் எந்த ஓடையில் கலக்கிறதோ, அந்த ஓடைதான் நம் மாடு தண்ணீர் குடிக்கும் இடம்.

இன்னொரு பக்கம், சொந்தத் தோட்டத்திலேயே இரண்டு அறை கட்டி, நகரத்துக் குடும்பங்களைத் தங்கவைத்து, நாலு காசு பார்க்கலாம் என்று யோசிக்கும் விவசாயிகளும் பெருகிவருகிறார்கள். அவர்களிடம், 'பசுமைச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம், இவ்வளவு கட்டுங்கள்' என்று ஆட்கள் வரத்தான் செய்வார்கள். அதனால் இந்தச் சான்றிதழ் என்பது என்ன, யார் கொடுக்கிறார்கள், எதைச் சோதிக்கிறார்கள், அதில் ஊருக்கு என்ன இருக்கிறது என்பதையெல்லாம் நாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நமக்குத் தெரிந்த கணக்குதான்

இயற்கை விவசாயச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. 'நான் உரம் போடுவதில்லை, மருந்து அடிப்பதில்லை' என்று நாமே சொல்லிக்கொண்டால் யாரும் சான்றிதழ் தருவதில்லை. முதலில் எழுதிவைத்த தரவிதி வேண்டும். நம் நாட்டில் அது தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம். அடுத்து, நமக்கும் வாங்குகிறவருக்கும் சம்பந்தம் இல்லாத ஒருவர் வந்து வயலைப் பார்க்க வேண்டும். கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்படும் தமிழ்நாடு விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறை போன்ற அமைப்புகள் அதைச் செய்கின்றன. ஒருவருடப் பயிர் என்றால் 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிர் என்றால் 3 ஆண்டு மாற்றக் காலம் உண்டு. சான்றிதழும் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லாது. மறுபடி மறுபடி ஆய்வு நடக்கும்.

விதி, வெளியாள் ஆய்வு, கால வரம்பு. இந்த மூன்றும் இருந்தால்தான் அது சான்றிதழ். சுற்றுலா விடுதிக்கும் இதே மூன்றுதான். ஒன்று குறைந்தாலும் அது வெறும் விளம்பரம்.

யார் கொடுக்கிறார்கள்?

உலக அளவில் இதற்கு அடிப்படை விதிகளை வகுத்திருப்பது 'உலக நீடித்த சுற்றுலா மன்றம்'. ஜி.எஸ்.டி.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதன் விதிகள் முதலில் 2008-ல் வெளியாயின. நிர்வாகம், ஊர் மக்களின் பொருளாதாரம், பண்பாடு, சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதிகள் அதில் இருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மன்றம் எந்த விடுதிக்கும் நேரடியாகச் சான்றிதழ் கொடுப்பதில்லை. சான்றிதழ் கொடுக்கும் நிறுவனங்களைச் சோதித்து அங்கீகாரம் தருவதுதான் அதன் வேலை. ஆகவே, 'எங்களுக்கு ஜி.எஸ்.டி.சி.யே நேரடியாகச் சான்று கொடுத்திருக்கிறது' என்று ஒரு விடுதி சொன்னால், 'எந்த நிறுவனம் ஆய்வு செய்தது?' என்று கேட்க வேண்டும்.

'கிரீன் கீ' என்பது விடுதிகளுக்கான இன்னொரு சான்று. 1994-ல் டென்மார்க்கில் தொடங்கியது. கடற்கரைகளுக்கு உள்ளது 'நீலக்கொடி'. குளிக்கும் தண்ணீரின் தரம், கழிவு மேலாண்மை, பாதுகாப்பு என்று 33 விதிகள் இதில் உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் கோவளம் கடற்கரைக்கு 2021-ல் இந்தக் கொடி கிடைத்தது. அதே ஆண்டில் புதுச்சேரி ஈடன் கடற்கரைக்கும் கிடைத்தது. இதை ஒருமுறை ஏற்றிவிட்டு மறந்துவிட முடியாது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும், தரம் இறங்கினால் கொடியும் இறங்கிவிடும்.

சுற்றுலாச் சான்றிதழ்களில் முன்னோடி என்று பேசப்படுவது மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிகா என்ற சின்ன நாடு. காபி, வாழை, அன்னாசி விளையும் பூமி. அந்த நாட்டின் அரசு சுற்றுலா நிறுவனமே 1997-ல் சான்றிதழ் திட்டத்தைத் தொடங்கியது. நட்சத்திரத்துக்குப் பதிலாக இலை. ஒன்று முதல் ஐந்து இலை வரை கொடுத்தார்கள். சுற்றியுள்ள இயற்கை, விடுதியின் நடைமுறை, விருந்தினரின் பங்கு, ஊர் மக்களின் நலன் என்று நான்கு துறைகளில் மதிப்பெண் போட்டார்கள்.

அதில் ஒரு நல்ல விதி இருந்தது. நான்கிலும் எடுத்த மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி பார்க்கவில்லை. எந்தத் துறையில் மதிப்பெண் மிகக் குறைவோ, அதை வைத்தே எத்தனை இலை என்று முடிவு செய்தார்கள். கூரை முழுக்கச் சோலார் தகடு போட்டுவிட்டு ஊர்க்காரர்களை ஏமாற்றினால், ஊர்க்காரர் கணக்கில் விழுந்த ஒற்றை இலைதான் அந்த விடுதிக்கு. அளவு சிறுத்த பலகையை ஏணியின் உயரத்தை வைத்து மறைக்க முடியாதபடி செய்த ஏற்பாடு இது. நம் ஊருக்கு ஒரு சான்றிதழ் வந்தால் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

விதியில் நமக்கும் இடம் உண்டு

விடுதிச் சான்றிதழ் என்றால் எல்.இ.டி. பல்பும், துண்டைத் தினமும் துவைக்காமல் இருப்பதும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஜி.எஸ்.டி.சி. விதிகளைப் படித்தால், பக்கத்து நிலத்துக்காரருக்காகவே எழுதியதுபோலச் சில பகுதிகள் இருக்கின்றன. அவற்றின் சாரம் இது:

* விடுதியின் செயல்பாட்டால் சுற்றுவட்டார மக்களுக்குக் கிடைக்கும் உணவு, தண்ணீர், மின்சாரம், சுகாதார வசதி ஆகியவை பாதிக்கப்படக் கூடாது.
* நிலம், நீர்நிலை, பாதை ஆகியவற்றை ஊர் மக்கள் பிழைப்புக்காகப் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது.
* வேலைவாய்ப்பில் உள்ளூர்க்காரர்களுக்குச் சம வாய்ப்புத் தர வேண்டும்.
* பொருள் வாங்கும்போது, தரமும் கையிருப்பும் இருந்தால் உள்ளூர்ப் பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும்.
* தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு செலவாகிறது என்று அளந்து, குறைக்கும் வழியைச் செய்ய வேண்டும்.
* கழிவுநீரை, உள்ளூர் மக்களுக்கும் சூழலுக்கும் கேடு இல்லாதபடி சுத்திகரித்த பிறகே வெளியே விடவோ மறுபடி பயன்படுத்தவோ வேண்டும்.

தண்ணீர் விதி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் கொண்ட சின்ன நீச்சல் குளம். அதை ஒருமுறை நிரப்ப 60,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். அந்தக் குளத்துத் தண்ணீர் ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 9 மாதம் வரும். இது ஒரே ஒருமுறை நிரப்பும் கணக்கு. வெயிலில் ஆவியாவதற்கும், தண்ணீரை மாற்றுவதற்கும், புல்தரைக்கும் தனிக்கணக்கு.

விதி நம் பக்கம் இருக்கிறது. ஆனால் அந்த விதிப்படி நடக்கிறார்களா என்று ஆய்வாளருக்கு எப்படித் தெரியும்? அவர் வருகிற அன்று தண்ணீர் மீட்டர் ஓடும், தோட்டம் சுத்தமாக இருக்கும். ஆய்வுக் கட்டணத்தைக் கட்டுவதும் விடுதிதான். பக்கத்து வயல்காரரை அவர் பார்த்துப் பேசாவிட்டால் பாதி உண்மை வெளியே வராது. அதனால் நம் பக்கத்து உண்மையை நாமே எழுதிவைக்க வேண்டும்.

வழி எளிது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில், மோட்டார் போடுவதற்கு முன், கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டுத் தண்ணீர் மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து நோட்டில் குறியுங்கள். அந்த மாதம் பெய்த மழையையும் எழுதுங்கள். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து செய்தால் இன்னும் வலு. மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் மட்டம் இறங்கினால், 'எங்கள் கிணறு வற்றுகிறது' என்ற வாய்ப்பேச்சு போய், கையில் ஓர் ஆதாரம் இருக்கும். சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கும் அதை அனுப்பலாம், மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் வைக்கலாம்.

குமரகம் சொல்லும் பாடம்

கேரளாவின் கோட்டயம் மாவட்டத்தில், வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரையில் இருக்கிறது குமரகம். ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் நெல் வயல். அதே வட்டாரத்தின் குட்டநாடு, கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைவிக்கும் பகுதி. அந்த விவசாய முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த பாரம்பரிய வேளாண்மையாக ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2013-ல் அங்கீகரித்தது.

இங்கே பெரிய ரிசார்ட்டுகள் வரிசையாக வந்தன. வயல்கள் மேடாயின. மீன்பிடிப்பவர்கள் காயலுக்குப் போகும் வழி சுருங்கியது. விடுதிச் சமையலறைக்குக் காய்கறி வெளியிலிருந்து லாரியில் வந்தது. ஒட்டன்சத்திரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் கேரளாவுக்குக் காய் போவது நமக்குத் தெரிந்ததுதானே! ஊருக்கு வந்ததோ குப்பையும் நெரிசலும். மக்கள் எதிர்த்தார்கள்.

கேரள அரசு 'பொறுப்புச் சுற்றுலா' என்ற திட்டத்தைக் கோவளம், தேக்கடி, வயநாடு, குமரகம் ஆகிய நான்கு இடங்களில் 2008-ல் நடைமுறைப்படுத்தியது. இங்கே சொல்லும் கோவளம் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் உள்ளது. நான்கில் குமரகம்தான் முன்மாதிரியாகப் பேசப்பட்டது. அங்கே பஞ்சாயத்து நடுவில் நின்றது. ஒரு பக்கம் விடுதிகள், மறுபக்கம் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் விவசாயிகளும். எந்தக் காய் எவ்வளவு வேண்டும் என்று விடுதிகள் பட்டியல் கொடுத்தன. அதைப் பார்த்துக் குழுக்கள் பயிர் செய்தன. தரிசாகக் கிடந்த இடங்களிலும் காய்கறி வந்தது. விலைக்கு ஒரு குழு, தரத்துக்கு ஒரு குழு என்று வைத்துக்கொண்டார்கள். காய்கறியோடு முட்டை, தேங்காய், மீன், கைவினைப் பொருள், கிராமத்தைச் சுற்றிக்காட்டும் வேலை என்று ஊருக்குள் பணம் புழங்கும் வழிகள் கூடின. இந்த முயற்சிக்காக ஐ.நா.வின் உலகச் சுற்றுலா அமைப்பு கேரளாவுக்கு யுலிசிஸ் விருது கொடுத்தது. 2017-ல் பொறுப்புச் சுற்றுலா இயக்கம் என்ற தனி அமைப்பு உருவாகி, மாநிலம் முழுக்க வேலை விரிந்தது.

இதிலும் சிக்கல்கள் உண்டு. விடுதிக்குக் காய் தினமும் வேண்டும், ஒரே தரத்தில் வேண்டும். சிறு விவசாயியிடம் ஒரு வாரம் வெண்டை மலைபோல் குவியும், மறுவாரம் ஒன்றும் இருக்காது. சீசனில் கேட்கும் அளவை மழைக்காலத்தில் கேட்க மாட்டார்கள். விடுதியை மட்டும் நம்பிப் பயிர் வைத்தால் அறை காலியாகும்போது காயும் காலில் மிதிபடும். அதனால் மிச்சம் ஆகும் விளைச்சலை ஊருக்குள்ளேயே விற்க வழி வைத்திருந்தால்தான் இந்த ஏற்பாடு நிலைக்கும்.

குமரகத்தில் காயல் மாசும் படகு வீடுகளின் கழிவும் தீராத பிரச்சினையாகவே தொடர்கின்றன. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவு. ஊர் உட்கார்ந்து பேசி, பஞ்சாயத்து முன்னால் நின்று, வாங்கும் விலையையும் அளவையும் எழுதிவைத்த பிறகுதான் விடுதியின் 'பசுமை' விவசாயியின் வீட்டு அடுப்புவரை வந்தது. சுவரில் மாட்டிய சான்றிதழ் மட்டும் அதைச் செய்யவில்லை.

பொய்ப் பச்சைக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

ஆதாரம் இல்லாமல் 'பசுமை' என்று சொல்லிக்கொள்வதற்கு உலகம் முழுக்க இப்போது கடிவாளம் விழுந்துகொண்டிருக்கிறது. அறை முன்பதிவு செய்யும் பெரிய நிறுவனமான புக்கிங் டாட் காம், விடுதிகளுக்குத் தானே 'நீடித்த பயணம்' என்று தர அடையாளம் கொடுத்துவந்தது. அது மக்களைத் தவறாக வழிநடத்தக்கூடும் என்று நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் சொன்னதால், 2024-ல் அந்த அடையாளத்தை எடுத்துவிட்டது. வெளியாள் சோதித்துக் கொடுத்த சான்றிதழ் இருந்தால் அதை மட்டும் காட்டுவது என்று மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில், முறையான சான்றளிப்பு முறையோ அரசு அமைப்போ பின்னால் இல்லாத பசுமை முத்திரைகளுக்குத் தடை விதிக்கும் சட்டம் 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பயணிகளை நம்பி இருக்கும் விடுதிகளுக்கு இதன் சூடு இங்கேயும் தெரியும்.

நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. 'ஈகோ ஃபிரெண்ட்லி', 'கிரீன்' போன்ற சொற்களை விளம்பரத்தில் போட்டால், எதில், எந்த வகையில் என்று விளக்கமும் ஆதாரமும் தர வேண்டும். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

சான்றிதழ் இருந்தாலும் அது சட்டத்துக்கு மாற்று ஆகாது. நீலகிரியில் யானை வழித்தடத்தில் கட்டிய ரிசார்ட்டுகளை மூட வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. இடம் தவறு என்றால், எத்தனை மரம் நட்டாலும், எந்த முத்திரை குத்தினாலும் கட்டடம் சரியாகாது. நிலத்தை விடுதிக்குக் குத்தகைக்கு விடும் முன்பும் இதை நினைவில் வையுங்கள்.

சொந்தத் தோட்டத்தில் இரண்டு அறை

பண்ணைச் சுற்றுலாவில் இத்தாலி நாட்டுக்கு நீண்ட அனுபவம். 1985-லேயே தனிச் சட்டம் போட்டார்கள், 2006-ல் அதைப் புதுப்பித்தார்கள். விவசாயம்தான் முதல் தொழில், விருந்தினர் வருமானம் அதற்குத் துணை. இதுதான் அந்தச் சட்டத்தின் உயிர். தட்டில் வைக்கும் உணவிலும் சொந்தப் பண்ணை விளைச்சலும் வட்டார விளைச்சலும் முக்கியப் பங்கு பெற வேண்டும். விவசாயத்தை விட்டுவிட்டு அறை மட்டும் வாடகைக்கு விட்டால் அது பண்ணைச் சுற்றுலா ஆகாது.

நமக்கும் இந்தப் புத்தி பொருந்தும். கடன் வாங்கிப் பத்து அறை கட்டினால் கடைசியில் தோட்டத்தை விற்று வட்டி கட்ட வேண்டியிருக்கும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டத்திலும், 1 முதல் 6 அறை வரைதான், வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும் என்றுதான் விதி. இரண்டு அறையில் தொடங்குவது யாருக்கும் பாதுகாப்பு.

சான்றிதழுக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை:

தண்ணீர்: போர்வெல் குழாயில் ஒரு மீட்டர் பொருத்துங்கள். ஓர் ஆளுக்கு எத்தனை லிட்டர் ஆகிறது என்று தெரிந்தால்தான் குறைக்க முடியும். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் விழும். அதை வீணாக்காமல் தொட்டியிலோ கிணற்றோரக் குழியிலோ இறக்குங்கள்.

கழிவுநீர்: கழிப்பறைத் தண்ணீருக்குச் செப்டிக் டேங்க் கட்டாயம். அது கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, சரிவில் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீரைத் தனியாகப் பிரித்து, கல்வாழையும் வாழையும் நட்ட பாத்திக்கு விடுங்கள்.

குப்பை: சமையலறைக் கழிவு மண்புழு உரத்துக்கோ மாட்டுக்கோ போகட்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. மற்ற ஊர்களிலும் மண்பானைத் தண்ணீர் வைத்தால் விருந்தினர் சந்தோஷமாகவே குடிப்பார்கள்.

சாப்பாடு: நம்மிடம் இல்லாததைப் பக்கத்துத் தோட்டத்தில் வாங்குங்கள். யாரிடம், எவ்வளவு என்று எழுதிவையுங்கள். பின்னால் எந்தச் சான்றிதழுக்குப் போனாலும் இந்த நோட்டுதான் முதல் ஆதாரம்.

உலக அளவிலான சுற்றுலாச் சான்றிதழ் இரண்டு அறைப் பண்ணைக்குத் தேவைப்படாது. ஆய்வுக் கட்டணத்தையும் ஆவண வேலையையும் அந்த வருமானம் தாங்காது. அதற்குப் பதில் நிலத்துக்குச் சான்று வாங்குவது புத்திசாலித்தனம். 5 விவசாயிகள் சேர்ந்தால் பி.ஜி.எஸ். என்ற பங்கேற்புச் சான்று முறையில் குழுவாகப் பதிவு செய்யலாம். ஒருவர் வயலை இன்னொருவர் சோதிக்கும் முறை அது. 'எங்கள் தோட்டத்துக் காய் இயற்கை முறையில் விளைந்தது' என்று விருந்தினரிடம் சான்றோடு சொல்ல அது போதும்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

சான்றிதழ் வாங்கித் தருவதாக யார் வந்தாலும் இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள்.

1. தரவிதி எழுத்தில் இருக்கிறதா? எனக்கு ஒரு பிரதி தருவீர்களா?
2. ஆய்வு செய்பவர் யார்? நேரில் வருவாரா, போட்டோ அனுப்பினால் போதுமா?
3. உங்கள் நிறுவனத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது யார்?
4. சான்றிதழ் எத்தனை ஆண்டு செல்லும்? புதுப்பிக்க எவ்வளவு ஆகும்?
5. சான்று பெற்றவர்களின் பட்டியலை எல்லோரும் பார்க்க முடியுமா?
6. ஊர்க்காரர் புகார் கொடுத்தால் யார் விசாரிப்பார்கள்?

'போட்டோ அனுப்புங்கள், பணம் கட்டுங்கள், ஒரு வாரத்தில் சான்றிதழ் வரும்' என்று பதில் வந்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி - பதில்

பக்கத்து ரிசார்ட் சான்றிதழ் வைத்திருக்கிறது. கழிவுநீரை ஓடையில் விடுகிறது. என்ன செய்யலாம்?
தேதியோடு போட்டோ எடுங்கள். முதலில் பஞ்சாயத்திலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சான்றிதழில் உள்ள நிறுவனத்தின் பெயரைப் பார்த்து அவர்களுக்கும் அனுப்புங்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் என்றால் புகாரை விசாரிக்கும் நடைமுறை இருந்தாக வேண்டும். சான்றிதழ் போய்விடும் என்ற பயம் சில நேரம் நோட்டீஸைவிட வேகமாக வேலை செய்யும்.

எங்கள் ஊருக்குப் புதிதாக விடுதி வரப்போகிறது. முன்கூட்டியே ஏதாவது செய்ய முடியுமா?
முடியும். கிராம சபைதான் அதற்கு இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று நம் மாநிலத்தில் ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. தண்ணீர் எங்கே எடுப்பார்கள், கழிவை எங்கே விடுவார்கள், பொதுப்பாதை மறிக்கப்படுமா, உள்ளூரில் எவ்வளவு வாங்குவார்கள் என்ற நான்கையும் கேள்வியாக எழுப்பித் தீர்மானத்தில் பதியச் செய்யுங்கள். கட்டடம் எழுந்த பிறகு கேட்பதைவிட இது சுலபம்.

விடுதிக்குக் காய்கறி கொடுக்க ஒப்பந்தம் கேட்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?
தனியாகப் போகாமல் உழவர் உற்பத்தியாளர் குழுவாகவோ மகளிர் குழுவாகவோ போங்கள். எந்தக் காய், வாரத்துக்கு எத்தனை கிலோ, விலையை எப்படி நிர்ணயிப்பது, எத்தனை நாளில் பணம், திருப்பி அனுப்பினால் நஷ்டம் யாருக்கு என்பதை எழுதிக்கொள்ளுங்கள். விளைச்சல் முழுவதையும் ஒரே விடுதிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். உழவர் சந்தைக்கு ஒரு பங்கு எப்போதும் இருக்கட்டும்.

தோட்டத்தில் ஆட்களைத் தங்கவைக்க என்னென்ன பதிவு வேண்டும்?
கட்டடத்துக்குப் பஞ்சாயத்து அனுமதி, சுற்றுலாத் துறையில் வீட்டுத் தங்கல் பதிவு, சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு ஆகியவை வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதிய வேண்டும். மலைப் பகுதி, காட்டை ஒட்டிய நிலம் என்றால் கூடுதல் கட்டுப்பாடுகள் உண்டு. கடைக்கால் தோண்டும் முன்பே வட்டாட்சியர் அலுவலகத்திலும் வனத்துறையிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.